ஐந்தரைக் கட்டை

சென்ற வாரம் கவிதா வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். இசைப்பள்ளி அலுவலகத்தில் நான் பதினோரு ஆண்டுகள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்.

"அக்கா, ஆண்டு விழா மலருக்கு ரெண்டு பக்கம் எழுதித் தாங்கக்கா. 'ஓய்வு பெற்ற ஊழியர்கள்'னு ஒரு பகுதி வருது. பழைய சார் ரெண்டு பேரு இறந்துட்டாங்க. மத்தவங்க போனையே எடுக்க மாட்டேங்கிறாங்க. நீங்கதான் மிச்சம் லா."

எனக்கு முப்பத்து நான்கு வயது. மகளுக்கு மூன்று. அவளுக்கு இரண்டு முறை இருமல் வந்தால் மூன்றாவதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எனக்கு ஓய்வு என்ற சொல் எந்த வகையில் பொருந்தும் என்று தெரியவில்லை. ஆனாலும் ஒரு வேலையைக் கேட்டால் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. அந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் எழுதப் போகிறேன். கவிதா இதை அச்சுக்குக் கொடுப்பாளா என்று தெரியாது. மூன்று முறை எழுதி மூன்று முறை அழித்துவிட்டேன். இது நான்காவது.

எப்படி எழுத வேண்டும் என்று காட்ட, பழைய மலர் ஒன்றின் பக்கத்தையும் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். "இப்பள்ளி எனக்குத் தாய்வீடு" என்று ஒருவர் தொடங்கியிருந்தார். அடுத்தவர் "கலைக்கோயில்" என்றிருந்தார். மூன்றாமவர் இரண்டையும் சேர்த்து எழுதியிருந்தார். நான் பார்த்த பள்ளி ஈப்போ பழைய டவுனில் இரண்டு கடைவீடுகளின் நடுச்சுவரை இடித்துச் சேர்த்த ஒரு மாடி. படிக்கட்டு ஏறினால் செருப்பு அலமாரி. அதற்கு மேலே சுவர் முழுக்கப் புகைப்படங்கள். எல்லாம் பொன்னாடை போர்த்துகிறவர்கள், போர்த்திக்கொள்கிறவர்கள். எண்ணிப் பார்த்திருக்கிறேன். நாற்பத்தாறு படங்களில் வாயைத் திறந்து பாடுகிறவர் ஒரே ஒருவர். அவரும் பின்வரிசையில் பாதி மறைந்து நிற்கிறார்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். புந்தோங்கிலிருந்தும் செமோரிலிருந்தும் இன்னும் தள்ளியிருந்த தோட்டங்களிலிருந்தும் பஸ் பிடித்து வந்த பிள்ளைகளுக்கு முறையாக ஸரிகம சொல்லித்தர அந்தக் காலத்தில் இந்த ஒரு மாடிதான் இருந்தது. என் அப்பா பிறப்பதற்கு முன்பே தொடங்கிய பள்ளி. நகரத்தில் பாட்டு வாத்தியார் என்று சொல்லிக்கொள்கிற பாதிப் பேர் அந்தப் படிக்கட்டில் செருப்பைக் கழற்றியவர்கள். இதெல்லாம் உண்மை. இசையை வளர்த்த பள்ளி என்று மலர் சொல்லும். நான் இருந்த பதினோரு ஆண்டுகளில் என் கண்முன் வளர்ந்தது சான்றிதழ். எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகங்களின் பெயரையும் கார் லைசென்ஸ் பரீட்சைக்குப் படிப்பதுபோல் ஒப்பிக்கும் பிள்ளைகள், அதில் ஒன்றைப் பாடிக் காட்டச் சொன்னால் கூரையைப் பார்ப்பார்கள். நானும் அப்படிக் கூரையைப் பார்த்தவள்தான். பத்து வயதில் சேர்ந்து, எட்டு கிரேடும் முடித்து, பாடகியாக ஆகாததால் அதே பள்ளியின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

என் வேலைகளில் பெரியது பரீட்சைப் பொறுப்பு. அதற்கு முன் கட்டை என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். ஒருவர் எந்த உயரத்தில் தன் 'ஸா'வை நிறுத்திப் பாடுகிறாரோ அதுதான் அவருடைய கட்டை. ஹார்மோனியத்தின் கட்டைகளை எண்ணி வந்த கணக்கு. ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை, இரண்டு. பெண்களுக்கு நான்கு, நாலரை, ஐந்து, ஆறு. அவரவர் தொண்டைக்கு எது ஒத்துவருகிறதோ அது. உலகம் முழுக்க அப்படித்தான். எங்கள் பள்ளியில் மட்டும் பெண்பிள்ளை என்றால் ஐந்தரை. ஏழு வயதானாலும் நாற்பத்தேழானாலும் ஐந்தரை. பள்ளியில் இரண்டு சுருதிப் பெட்டிகள் இருந்தன. பெண்கள் பெட்டியின் திருகை ஐந்தரையில் வைத்து, அசையாமலிருக்கச் சிவப்பு டேப் ஒட்டியிருக்கும். டேப் பழசானால் நான் புதிது ஒட்டுவேன். ஆண்கள் பெட்டிக்கு நீல டேப்.

ஏன் ஐந்தரை என்று சேர்ந்த புதிதில் ஒருமுறை மேடத்திடம் கேட்டேன். மேடம் என்றால் முதல்வர். செட்டிநாட்டு வணிகக் குடும்பத்தில் வந்தவர். இரண்டு ஆண்டுகள் சென்னையில் பாட்டுப் படித்தவர். அந்த இரண்டு ஆண்டுகளை முப்பது ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருந்தவர். மாலை நான்கு மணிக்கு வருவார். கைக்கடிகாரத்தைக் கழற்றி ஹார்மோனியத்தின் மேல் வைப்பார். தாளத்தை மோதிரத்தால் மேசையில் தட்டுவார். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. யாரையாவது மட்டம் தட்டப் போகிறார் என்றால் வாக்கியம் 'கண்ணு' என்று தொடங்கும். அந்தச் சொல் காதில் விழுந்ததும் வகுப்பில் எல்லோரும் சம்மணத்தைச் சரிசெய்துகொள்வார்கள்.

"கண்ணு, முப்பது பிள்ளைங்க ஒரு ரூம்ல உக்காந்திருக்கு. ஆளுக்கொரு கட்டையில பாடுனா அது கிளாஸா, பசாரா?"

அதில் ஒரு நியாயம் இருப்பதுபோல் அப்போது தோன்றியது. கூட்டமாகப் பாட ஒரே சுருதி வேண்டும்தான். ஆனால் பரீட்சை தனித்தனியாகத்தானே நடக்கிறது? அதை அவரிடம் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவும்போதுதான் எனக்குத் தோன்றியது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

மேல் ஸ்தாயிக்கு எட்டாத பெண்பிள்ளைகள் கள்ளக் குரலில் பாடினார்கள். தொண்டையைச் சுருக்கி, மூச்சைத் திருடி, மெலிந்த நூல்போல ஒரு சத்தம். மேடத்துக்கு அது போதும். 'இனிமை' என்று மார்க் போடுவார். ஈப்போ பெண்பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கள்ளக் குரலைக் கற்றுக்கொடுத்த பள்ளி என்று மலரின் அட்டையில் போடலாம்.

தர்ஷினி சேர வந்தபோது அவளுக்குப் பதினான்கு வயது. செமோருக்குப் பக்கத்தில், ரப்பர்த் தோட்டமாக இருந்து இப்போது தாமான் என்கிற குடியிருப்பாகிவிட்ட இடத்திலிருந்து அம்மாவும் மகளும் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார்கள். அம்மா கையுறை பேக்டரியில் வேலை. யூனிபார்மோடு வந்திருந்தார். சேர்க்கைப் பாரத்தைப் பொறுமையாக நிரப்பிக் கொடுத்தார். அதில் 'கட்டை' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது.

"அக்கா, இதுல நம்பர் போடணும்" என்றேன்.

"நம்பரா? எம்பொண்ணுக்குக் கட்டைக் குரலெல்லாம் இல்ல தங்கச்சி. நல்ல தொண்டை. சளி புடிச்சா மட்டும் கொஞ்சம் கரகரங்கும்."

பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மிருதங்க சார் சிரித்ததில் அவருக்குப் புரையேறிவிட்டது. "கட்டையே இல்லாம பாடப் போற மொத பொண்ணு லா இவ!" அலுவலகம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த அம்மாவும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தார். பெண் மட்டும் சிரிக்கவில்லை. நான் 'இல்லை'யை அடித்துவிட்டு 5½ என்று எழுதினேன். அவள் என் மேசைக்கு ஒரு கை தூரத்தில் நின்றிருந்தாள். ஒரு 'ஸா' பாடு தங்கச்சி என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்கும் வழக்கம் இல்லை.

தர்ஷினியின் இயல்பான குரல் அடர்த்தியானது, கீழே நிற்பது. வகுப்பில் மேல் ஷட்ஜம்வரை எப்படியோ ஏறிவிடுவாள். அதைத் தாண்டினால் உடையும். கள்ளக் குரல் எடுக்க அவளுக்கு வரவில்லை. அல்லது எடுக்க மாட்டேன் என்று இருந்தாள். எது என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

"கண்ணு, உன்னோடது எஸ்டேட் தொண்டை. தூரத்துல நிக்கிற ஆளைக் கூப்புட நல்லா இருக்கும்" என்றார் மேடம். மற்ற பிள்ளைகள் குனிந்து சிரித்தார்கள். அதில் பாதிப் பேரின் தாத்தாக்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள்.

ஆண்டறிக்கையில் மேடம் எழுதிக் கொடுத்ததை நான் தட்டச்சு செய்தேன். 'கட்டைக் குரல். முயற்சி தேவை.' மறுநாள் அவள் அம்மா போன் செய்தார்.

"தங்கச்சி, சேக்குறப்பவே சொன்னேனே, கட்டையில்லன்னு. இப்ப அங்க வந்து வந்துருச்சா?"

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. 'மேடத்திடம் கேட்கிறேன்' என்றிருப்பேன். அலுவலகத்தில் எதற்கும் அதுதான் என் பதில்.

ஆறாம் கிரேடில் அவள் இரண்டு முறை தவறினாள். மூன்றாவது முறையும் தவறினால் பதிவிலிருந்து பெயர் நீக்கம். அது விதி. விதிகளைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியதும் நான்தான். மூன்றாவது பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு என் மேசைக்கு வந்து நின்றாள்.

"அக்கா, வீட்டுல பாடுனா வருது. இங்க பாடுனா வர மாட்டேங்குது. மேல போனா தொண்டை எரியுது லா. கிளினிக்குக்குப் போனா ஒண்ணுமில்லைங்கிறாங்க."

"வீட்டுல எதை வெச்சுப் பாடுற?"

"ஒண்ணும் வெக்கலியே. சும்மா பாடுவேன்."

சாமான் அறையில் பழைய கீபோர்டு ஒன்று இருந்தது. அங்கே அழைத்துப்போய்ப் பாடச் சொன்னேன். அவள் தொடங்கிய இடத்தைக் கீபோர்டில் தேடினேன். நான்கு கட்டை. சுத்தமாக நான்கு. மோகன வர்ணம் ஒன்றை முழுக்கப் பாடினாள். மேல் காந்தாரத்தில் நின்றாள். உடையவில்லை. அந்தக் கட்டடத்தில் இருபது ஆண்டுகள் மாணவியாகவும் ஊழியராகவும் இருந்திருக்கிறேன். ஒரு பெண் தன் முழுத் தொண்டையில் பாடி அங்கே நான் கேட்டது அன்றைக்குத்தான். அதுவும் உடைந்த வயலின் பெட்டிகளுக்கு நடுவில்.

முறைப்படி மேடத்திடம் போய்ச் சொன்னேன். நான்கில் பாட அனுமதிக்கலாமா என்று கேட்டேன்.

"கண்ணு, நீ எட்டாவது கிரேடு எத்தனை மார்க்கு?"

"அறுபத்தொண்ணு மேடம்."

"அப்ப கட்டை எது, குரல் எதுன்னு எங்கிட்ட விட்டுடு. எனக்குக் காது இருக்கு. ஐந்தரையில ஒரு மயிரிழை எறங்குனாலும் எனக்கு ஒடம்பு கூசும்."

பரீட்சை நடக்கும் முறை இது. முதலில் நான் அறைக்குள் போவேன். பெட்டியை மேசையில் வைத்துச் சுருதியை ஓடவிடுவேன். சென்னையிலிருந்து வந்த பரீட்சகர் தலையசைப்பார். நான் மணியை அடித்ததும் பிள்ளை உள்ளே வரும். பாடி முடித்துப் போன பிறகு பெயர், பாடியது, கட்டை மூன்றையும் பதிவேட்டில் எழுதிச் சுருக்கொப்பம் இடுவேன். கட்டை என்ற வரிசையில் பக்கம் பக்கமாக ஒரே எண்தான் இருக்கும். அதை ஏன் ஒவ்வொரு முறையும் எழுதினோம் என்று இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது.

தர்ஷினியின் முறைக்கு முன் தேநீர் இடைவேளை. மேடமும் பரீட்சகரும் முறுக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் முதுகைத் திருப்பி நின்று சிவப்பு டேப்பை நகத்தால் பெயர்த்தேன். திருகை நான்கில் வைத்தேன். என் பதினோரு ஆண்டு வேலையில் யாரும் சொல்லாமல் நானாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். மணியை அடித்தேன்.

அவள் உட்கார்ந்து 'ஸா' பிடித்ததும் கண்ணைத் திறந்தாள். ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு மூடிக்கொண்டு பாடினாள். சாமான் அறையில் கேட்ட அதே குரல். பரீட்சகர் முறுக்கைக் கீழே வைத்துவிட்டார். மேடம் கண்ணை மூடி மோதிரத்தால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். உடம்பு கூசும் என்று நான் காத்திருந்தேன். ஒன்றும் கூசவில்லை. ஒன்றரைக் கட்டை இறங்கியிருந்தது. மயிரிழை அல்ல, மயிர்க்கொத்து. அந்தக் காது மோதிரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது.

அவள் போனதும் மேடம் பரீட்சகரிடம் திரும்பினார். "பாத்தீங்களா சார். மூணு வருஷமா ஐந்தரையில வெச்சு இழுத்தேன். இன்னைக்குத் தொறந்துருச்சு." பிறகு என்னிடம், "எழுது" என்றார்.

நான் 5½ என்று எழுதினேன். சுருக்கொப்பமும் இட்டேன்.

படிக்கட்டில் தர்ஷினி காத்திருந்தாள். "நன்றிக்கா" என்றாள். எதுக்கு என்று கேட்டேன். "எதுக்கோ" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அவள் தேறியதோடு முடிந்திருந்தால் நான் நல்லது செய்தவள். ஆனால் மேடம் அவளை ஆண்டு விழாவில் தனியாகப் பாட வைப்பதாக அறிவித்துவிட்டார். எஸ்டேட் தொண்டையை எங்கள் பள்ளி எப்படி ஐந்தரைக்கு ஏற்றியது என்று சிறப்பு விருந்தினராக வரும் டத்தோவுக்குக் காட்ட வேண்டுமாம். நான் இரண்டு வாரம் யோசித்துக்கொண்டே இருந்தேன். சொல்லிவிடலாமா, சொன்னால் அவள் தேர்ச்சியை ரத்து செய்துவிடுவார்களா, சொல்லாவிட்டால் மேடையில் என்ன ஆகும்? யோசித்து யோசித்து ஒன்றும் செய்யாமல் ஒத்திகை நாள் வந்துவிட்டது.

பிற்பகல், கூடத்தில் ஒத்திகை. வயலின்காரர் ஐந்தரைக்குச் சுருதி சேர்த்து முடித்திருந்தார். தர்ஷினி அவர் பக்கம் குனிந்து, "அண்ணே, நாலு கட்டைக்கு எறக்க முடியுமா?" என்றாள்.

"எனக்கென்ன தங்கச்சி, ரெண்டு நிமிசம். சாருதான் மிருதங்கம் மாத்தணும்."

மிருதங்க சார், "நாலு கட்டை மிருதங்கம் புந்தோங்ல வீட்டுல கெடக்கு. அவ்ளோ தூரத்துல பாகான் டத்தோவுலயா கெடக்கு? மோட்டார எடுத்தா இருபது நிமிசம். போயிட்டு வாரேன்" என்று எழுந்தே விட்டார்.

"உக்காருங்க சார்" என்றார் மேடம். எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. "யாருக்கு நாலு?"

"எனக்குத்தான் மேடம்" என்றாள் தர்ஷினி. பயமில்லாமல் சொன்னாள். "பரீட்சையில நாலுலதானே பாடுனேன். அக்காதான் வெச்சுக் குடுத்தாங்க."

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் அவள் பக்கம் என்று நம்பி, சாட்சிக்கு அழைத்தாள். கூடத்தில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அப்படியா கண்ணு?"

அப்போது எனக்கு மூன்றாம் மாதம். வேலையிடத்தில் இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அதற்கு முன் ஒன்று கலைந்திருந்ததால் அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதைக் காரணமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. வயிற்றில் பிள்ளை இல்லாவிட்டாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன்.

"இல்ல மேடம். ஐந்தரைதான். ரெஜிஸ்டர்லயே இருக்கு."

மேடம் தர்ஷினியிடம் திரும்பினார். "பாட்டோட சேத்துப் பொய்யும் கத்துக்கிட்டியா கண்ணு?"

அவள் எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். என்னைத் தாண்டிப் போகும்போது நின்றாள்.

"நான் வாரேன்க்கா."

வரவில்லை. அன்றோடு சரி. விழாவில் வேறொரு பெண் கள்ளக் குரலில் பாடினாள். டத்தோ எழுந்து நின்று கைதட்டினார். அந்தப் படமும் சுவருக்குப் போனது. நாற்பத்தேழு.

இரண்டு மாதம் கழித்து அவள் வீட்டுக்குப் போன் செய்தேன். அதற்கு முன் இரண்டு தடவை மணி அடித்ததும் வைத்துவிட்டேன். மூன்றாம் தடவை அம்மா எடுத்தார்.

"அவ இப்ப பாடுறதில்ல தங்கச்சி. கட்டைக் குரலுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க. அதோட விட்டுட்டா."

அவர் குரலில் கோபமில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் வாங்கிக்கொண்டவர் பேசுவதுபோல் பேசினார். படித்தவர்கள் எழுதிக் கொடுத்தால் சரியாகத்தான் இருக்கும் என்பதுபோல. அந்த வாரமே வேலையை விட்டேன். பிரசவத்துக்காக விட்டதாக எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைக்க விட்டேன்.

என் மகளைத் தூளியில் போட்டு ஆட்டும்போது ஒரு மத்தியானம் வாயில் வந்ததைப் பாடிக்கொண்டிருந்தேன். சந்தேகம் வந்து கைப்பேசியில் சுருதியை ஓடவிட்டுப் பார்த்தேன். நாலரை. முப்பத்தொரு வயதில், எட்டு கிரேடு சான்றிதழை வைத்துக்கொண்டு, என் கட்டையை நான் தெரிந்துகொண்டேன். இப்போது நாத்தனார், பிள்ளைக்கு ஐந்து வயதானதும் அங்கேதான் சேர்க்க வேண்டும், அங்கே படித்தால்தான் மதிப்பு என்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கவிதாவிடம் மட்டும் விசாரித்தேன்.

"இப்ப பெட்டியெல்லாம் இல்லக்கா. எல்லாம் டேப்லட்ல ஆப். எந்தக் கட்டை வேணும்னாலும் தொட்டா போதும்."

"பெண்பிள்ளைங்களுக்கு எதைத் தொடுறீங்க?"

"ஐந்தரைதான்க்கா. வேற எது?"

கவிதா, மலருக்கு நீ கேட்டது இரண்டு பக்கம். இது அதிகம். தாய்வீடு, கோயில் இரண்டும் இதில் இல்லை. வெட்ட வேண்டுமானால் தாராளமாக வெட்டிக்கொள். ஆனால் அதற்கு முன் இரண்டு வேலை செய். இரும்பு அலமாரியில் இரண்டாவது தட்டில், யாரும் வாங்கிப் போகாத ஆறாம் கிரேடு சான்றிதழ் ஒன்று தர்ஷினி பெயரில் இருக்கும். பழைய சேர்க்கைப் பாரத்தில் செமோர் முகவரி இருக்கிறது. தபாலில் போடாதே. எடுத்து வை, நானே கொண்டுபோகிறேன். அவள் கதவைத் திறப்பாளா என்று தெரியாது. திறக்காவிட்டால் அம்மா கையில் கொடுத்துவிட்டு, எழுதிக் கொடுத்தது தப்பு என்று அவரிடமாவது சொல்லிவிட்டு வருகிறேன்.

இன்னொன்று, அந்த ஆண்டுப் பதிவேட்டை எடு. அவள் பெயருக்கு நேரே என் கையெழுத்தில் 5½ என்று இருக்கும். அதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு 4 என்று எழுது. யார் திருத்தச் சொன்னது என்று மேடம் கேட்டால் என் பெயரைச் சொல். முழுப் பெயரையும் சொல்.